கூடையைத் தூக்கியதும்

ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளின் பின்கட்டில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். விடிந்து கூடையைத் தூக்கியதும் மற்றவை ஓடிவிட, ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்மூடி உட்கார்ந்திருக்கும். "சீக்கு விழுந்துடுச்சு" என்று மஞ்சளும் பூண்டும் அரைக்க எழுந்துவிடுகிறோம். அதற்கு முன் பத்து நிமிஷம் அந்தக் கோழியோடு உட்காருங்கள்.

முதலில் கூடைக்கடியில் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். அதில் வெள்ளையாக இருப்பது கோழியின் சிறுநீர். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரை எடுக்கவில்லை என்று பொருள். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஈரத் தரையில்தான் அது பெருகும். அடுத்து கழுத்தடியில் இரைப்பையைத் தொடுங்கள். இரவெல்லாம் பட்டினி கிடந்த கோழிக்கு அது காலியாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் தீனி அடைத்திருக்கிறது. நெஞ்செலும்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டால் இளைப்பு நேற்று வந்ததில்லை, குடற்புழுவாகவும் இருக்கலாம். முட்டைக்கோழி வயிறு கனத்து, முக்கி முக்கி நின்றால் முட்டை சிக்கியிருக்கலாம். கொண்டையில் கொப்புளமும் பொருக்கும் இருந்தால் அம்மை. அதைக் கொசுவும் பரப்பும்.

ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலைந்து துவண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகியுங்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் இது. அடுத்த ஓரிரு ஆண்டில் இமயமலையில் உள்ள ராணிகேத்தில் தென்பட்டதால் இங்கே ராணிகேத் நோய் என்றும் பெயர். வைரஸ் என்பதால் வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது; தடுப்பூசி உண்டு. சோளிங்கர் வழியாகப் போனால் வரும் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கும் தடுப்பூசி தயாரிக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி.

நம் கண்ணும் கையும் ஊகம்தான் சொல்லும். செத்த கோழியை அறுக்காமல், வெறுங்கையால் தொடாமல், பாலித்தீன் பையில் கட்டி, முடிந்தால் ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அறுத்துப் பார்க்கையில், அரைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பு இரைப்பையில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் மருத்துவருக்கு வெள்ளைக்கழிச்சல் என்ற சந்தேகம் வலுக்கும். ஒரே நாளில் பல கோழிகள் செத்து விழுந்தாலோ எதையும் தொடாமல் உடனே தகவல் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சக் கோழிகளையாவது காசாக்கலாம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். இன்று நன்றாக மேயும் கோழியும் அதைச் சுமந்துகொண்டு, வாங்கியவர் வீட்டுக் கூடைக்குள் போய் உட்கார்ந்துவிடும்.