கணக்கறியாதவர் யார்?

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூக வங்கிகளும் சிறுதொழில் கடனும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்பதால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ரிசர்வ் வங்கியின் ஆவணங்களிலும் ஒன்றிய அரசின் அறிக்கைகளிலும் 'நிதிசார் கல்வியறிவு' என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தமிழாக்குவதில் இடரில்லை. இடர் அதற்குள் மறைந்திருக்கும் கருத்தில்தான் உள்ளது. ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது, அதனால் கடனில் வீழ்கிறார்கள், கற்றுக்கொடுத்துவிட்டால் மீண்டுவிடுவார்கள் என்பதே அக்கருத்து.

காலையில் வட்டிக்காரரிடம் 100 ரூபாய் வாங்கிக் காய்கறி கொள்முதல் செய்து, மாலையில் 110 ரூபாயாகத் திருப்பித் தரும் தெருவோர வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் வியாபாரம் எனக் கொண்டால், 100 ரூபாய் முதலுக்கு அவர் தரும் வட்டி 3,000 ரூபாய். இது அவருக்குத் தெரியாமல் நடப்பதன்று. விடியற்காலையில் அந்த நூறு ரூபாயை வேறு எவரும் அவருக்குத் தருவதில்லை என்பதால் நடப்பது. இவருக்கு நாம் வகுப்பெடுத்து என்ன பயன்? வகுப்பு வேறு யாருக்கோ தேவைப்படுகிறது.

அது யாருக்கு என்பதை அகமதாபாத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. ஏழைகளுக்கும் கடன் தர வேண்டும் என்ற கடமை அவ்வங்கிகளுக்கு வந்தது. 1972இல் இலா பட் அவர்களின் முன்முயற்சியில் அகமதாபாத்தில் சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கம் தோன்றியது. தலைச்சுமைத் தொழிலாளர், பீடி சுற்றுவோர், காய்கறி விற்போர், பழைய துணி வாங்கி விற்போர் ஆகிய பெண்கள் அதன் உறுப்பினர்கள். தேசியமய வங்கிகளில் இவர்களுக்குக் கடன் பெற்றுத்தரும் இடையாளாகச் சங்கம் முதலில் செயல்பட்டது. கடன் கிடைத்தது, ஆனால் வங்கிக்குள் நுழைவது பெரும்பாடாயிற்று. அழுக்குப் புடவையோடும் கைக்குழந்தையோடும் வந்தவர்களை ஊழியர்கள் முகம் சுளித்து நிறுத்திவைத்தனர். வியாபாரம் நடக்கும் வேளையில் வங்கி திறந்திருந்தது. வியாபாரம் முடிந்து கையில் காசு சேரும் வேளையில் மூடியிருந்தது. தேசியமயத்தை அன்றும் இன்றும் உயர்த்திப் பிடிக்கும் நாம் இதனை மறைக்க வேண்டியதில்லை. உடைமை மாறியது, கவுண்டர் மாறவில்லை.

எனவே அப்பெண்கள் தமக்கென ஒரு வங்கியை அமைக்க முடிவு செய்தனர். நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்த, 1974 மே மாதம் மகளிர் சேவா கூட்டுறவு வங்கி பதிவாயிற்று. பதிவு எளிதில் நடந்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவது எப்படி என்று கூட்டுறவுத் துறை தயங்கியது. விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் அமர்ந்து தம் பெயரை எழுதக் கற்றனர். உறுப்பினர் அனைவரும் எழுதக் கற்கும்வரை வங்கி காத்திருக்கவும் இல்லை. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி எடுத்த நிழற்படமே அடையாளமாக ஏற்கப்பட்டது. அன்றாடச் சேமிப்பைப் பெற வங்கியின் ஆட்கள் சந்தைக்கும் வீட்டுக்கும் சென்றனர். வட்டிக்காரரிடம் அடகு வைத்த நகையையும் நிலத்தையும் மீட்கக் கடன் தரப்பட்டது. அதாவது, ஏழைப் பெண் வங்கியைக் கற்றதைவிட, வங்கி ஏழைப் பெண்ணைக் கற்றது மிகுதி.

மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில், வறட்சி மிகுந்த மாண் வட்டத்திலுள்ள ம்ஹஸ்வட் ஊரிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. சேத்னா சின்ஹா அவர்களோடு இணைந்து அங்குள்ள உழைக்கும் பெண்கள் கூட்டுறவு வங்கிக்கு உரிமம் கேட்டனர். எழுத்தறிவற்றவர்கள் என்று கூறி ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. அப்பெண்கள் எழுத்தறிவு வகுப்புகளில் சேர்ந்தனர். சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்றனர். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டி கேளுங்கள், நாங்கள் கணக்குக் கருவியின்றிச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளும் அவ்வாறே சொல்லட்டும் என்றனர். 1997இல் மாண்தேசி மகளிர் வங்கி தொடங்கப்பட்டது. முந்திரி, காணி, மா எனக் கீழ்வாய் எண்களை வாய்ப்பாடாக ஒப்பித்த திண்ணைப் பள்ளி மரபில் வந்த நமக்கு, எழுத்தறிவும் எண்ணறிவும் வேறுவேறு என்பது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

இங்கே தோழர்கள் சிலருக்கு ஐயம் எழலாம். சேவா காந்திய மரபில் வந்த அமைப்பு. வர்க்க முரண்பாட்டை அது பார்க்கும் முறையும் நாம் பார்க்கும் முறையும் ஒன்றல்ல. கடனால் வறுமை ஒழியும் என்ற மாயையை நாம் பரப்புவதா? நியாயமான கேள்வி. கடன், கூலிக்கு மாற்றாகாது. அகமதாபாத்தின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வேலையிழந்த ஆண்களின் குடும்பங்களைத் தாங்கியது பெண்களின் சில்லறை வருமானம். அந்த வேலையிழப்பை எந்த வங்கியாலும் ஈடுசெய்ய முடியவில்லை. கடன் வாங்கிக் காய்கறி வாங்கியவரை மாணேக் சவுக் சந்தையிலிருந்து காவல்துறை விரட்டினால், அவர் கையில் எஞ்சுவது அழுகும் சரக்கும் கடனுமே. இடத்திற்கான போராட்டத்தை அச்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு செல்ல நேர்ந்தது. தெருவோர வியாபாரிகளுக்கான தேசியச் சட்டம் வந்தது 2014இல்தான். தொழிற்சங்கம் முதலிலும் வங்கி அதன் பின்னாலும் வந்தன என்பதே இவ்வனுபவத்தில் நமக்குரிய பகுதி.

கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் எதையும் காத்துவிடாது. அதே அகமதாபாத்தில் இயங்கிய மாதவபுரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி, பங்குத் தரகர்களுக்குப் பெருந்தொகையை அள்ளிக் கொடுத்து, 2001இல் சரிந்தது. 2019இல் பஞ்சாப் - மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, பெரும்பகுதிக் கடனை ஒரே கட்டுமானக் குழுமத்திற்குக் கொடுத்திருந்தது வெளிப்பட்டபோது, வைப்பாளர்கள் முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தனர். பத்து ரூபாய்ப் பங்குகாரர் பெயருக்கு உறுப்பினராக இருந்து, முடிவெடுப்பவர் வேறெங்கோ அமர்ந்திருந்தால் அது எவ்வகையில் சமூக வங்கி?

இதற்கு நேர் எதிரான மாதிரி நுண்கடன் நிறுவனங்கள். 2010 ஆகஸ்டில், ஆந்திரத்தில் கிளைத்து வளர்ந்த மிகப்பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில், வசூல் நெருக்கடியால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. அங்கும் மகளிர் குழு உண்டு, வாராந்திரக் கூட்டம் உண்டு. ஆனால் அக்குழு உடைமையாளர்களின் குழுவன்று. ஒருவர் தவணைக்கு மற்றவரைப் பிணையாக்கும் குழு.

இவ்விடத்தில்தான் கணக்கு நமக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. 12,000 ரூபாய் கடன், '12 சதவீதம் பிளாட் வட்டி', பன்னிரண்டு மாதத் தவணை என்கிறார் முகவர். வட்டி 1,440. மாதம் 1,120 ரூபாய் கட்ட வேண்டும். கேட்பதற்குக் கந்துவட்டியைவிட எவ்வளவோ மேல். ஆனால் மாதந்தோறும் அசலில் 1,000 ரூபாய் திரும்பிவிடுகிறது. முதல் மாதம் கடனாளியிடம் இருப்பது 12,000. கடைசி மாதம் 1,000 மட்டுமே. ஆண்டு முழுதும் சராசரியாக அவரிடம் இருந்த தொகை 6,500. இதற்கு 1,440 வட்டி என்றால் ஏறத்தாழ 22 சதவீதம். பணம் தரும்போதே செயலாக்கக் கட்டணமும் காப்பீடும் பிடிக்கப்பட்டால் இன்னும் கூடும். இதனை மறைப்பவர் கணக்கறியாதவர் அல்லர், நன்கறிந்தவர்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் நுண்கடன் வட்டிக்கு இருந்த வரம்பை நீக்கிவிட்டன. சந்தையே விலையை நிர்ணயிக்கட்டும் என்னும் தாராளமயக் கோட்பாட்டின் நேரடி விளைவு இது. எனினும் அதே நெறிமுறைகளில் நாம் பற்றிக்கொள்ள வேண்டியவையும் உள்ளன. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் தகவல் தாள் தர வேண்டும். கடன் அட்டை, கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மாதர் அமைப்பின் கிளைக்கூட்டங்களில் இம்மூன்றையும் கேட்கப் பழக்குவது, அரசின் விழிப்புணர்வு முகாம்களைவிடப் பயனுள்ள நிதிக்கல்வி.

வங்கி ஊழியர் அரங்கில் பணியாற்றும் தோழர்களுக்கு ஒரு சொல். 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காகச் சுருக்கிய இணைப்பை எதிர்த்து நீங்கள் நடத்திய போராட்டம் சரியானது. கிளைகள் குறைந்து ஊழியர் நியமனம் சுருங்கும் இடங்களில் நுண்கடன் முகவரின் இருசக்கர வண்டி நுழைகிறது. முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதக் கடன் என்ற விதி சிறு வியாபாரியின் கைக்கு நேரடியாகச் செல்ல வேண்டும் என்று கோருவோம். ஆனால் 1970களில் அப்பெண்கள் எதிர்கொண்ட அந்தக் கவுண்டரைப் பற்றியும் நம் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டும். பொதுத்துறை வங்கியைக் காக்கத் தெருவில் இறங்கும் நாளில், அந்த வங்கி தன்னை மதித்தது என்று எண்ணும் காய்கறிக்காரர் மட்டுமே நம்மோடு நிற்பார்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் வீடுகளில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட கடன் அட்டைகள் இருக்கக்கூடும். அடுத்த வகுப்பிற்கு வரும் ஒவ்வொரு தோழரும் தம் பகுதியிலிருந்து, உரியவரின் இசைவோடு, இரண்டு அட்டைகளின் படி எடுத்துவர வேண்டுகிறேன். பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். அவற்றைத் தமிழாக்கித் தரும் பொறுப்பு என்னுடையது; வட்டியைச் சேர்ந்து கணக்கிடுவோம்.