எபிசோட் 37: பக்கத்து வீட்டுக்குப் பலகை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "டோக்கியோவை விட்டுட்டு ஏன் ப்ரோ ஒரு சின்ன ஊருக்குப் போனீங்க? அங்க தனியா இருக்க போர் அடிக்கலையா?" இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். பேரு ஓனோமிச்சி. ஹிரோஷிமா மாகாணத்துல, சேட்டோ உள்நாட்டுக் கடலோரம் இருக்கு. எதிர்ல முக்கைஷிமா தீவு. நடுவுல இருக்கற கடல் பாக்கறதுக்கு ஆறு மாதிரிதான் இருக்கும். ஃபெர்ரி ஏறினா சில நிமிஷத்துல அக்கரை. சைக்கிள் பிரியர்களுக்கு இந்த ஊர் பேரு தெரிஞ்சிருக்கும். தீவு தீவா பாலங்கள் வழியா இமாபாரி வரைக்கும் போற ஷிமானமி கைடோ இங்கதான் ஆரம்பிக்குது, சுமார் 70 கிலோமீட்டர். சினிமா பிரியர்களுக்கு இன்னொரு அடையாளம்: ஓசுவோட 'டோக்கியோ ஸ்டோரி', 1953-ல வந்த படம். பிள்ளைகளைப் பாக்க டோக்கியோவுக்குப் போற அந்த வயசான தம்பதி இந்த ஊர்க்காரங்கதான்.

என் வீடு மலைச்சரிவுல இருக்கு. வாசல் வரைக்கும் ரோடு கிடையாது. கீழ் ரோட்டுல இருந்து 140 படி. வாஷிங் மெஷினை ரெண்டு பேர் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க, பாவம். இந்த மாதிரி இடத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜப்பான் கட்டடச் சட்டப்படி, போதுமான அகலம் உள்ள சாலையை ஒட்டி மனை இல்லைன்னா, பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டறது பொதுவா முடியாது. அதனால பெரியவங்க போனதும் வீடு அப்படியே பூட்டிக் கிடக்கும். இதுக்கு 'அகியா'ன்னு பேரு. 2023 கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க சுமார் 90 லட்சம் காலி வீடுகள். அப்படி ஒண்ணைத்தான் நான் வாடகைக்கு எடுத்தேன். டோக்கியோல கொடுத்த வாடகையில கால்வாசிகூட இல்லை. வேலை ரிமோட். மாசம் ஒரு தடவை ஷின்கான்சென்ல டோக்கியோ போய்ட்டு வந்தா போதும்.

இனிமே சொல்லப்போறது நான் சொதப்பின கதை.

வந்து ரெண்டாவது மாசம், கதவுப் பிடியில ஒரு கிளிப் பலகை தொங்கிச்சு. மேல ஏதோ பேப்பருங்க, சின்னச் சின்னக் கட்டங்கள். விளம்பரம்னு நெனச்சு உள்ள எடுத்துப் போட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு மேல் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினாங்க. 84 வயசு, கையில காலி வாளி. அன்னைக்குக் காலைல இருந்து தண்ணி வரலை. தண்ணி நிக்கும்னு முன்கூட்டியே சொன்ன அறிவிப்பு, என் வீட்டு ஷூ அலமாரி மேல இருந்த அந்தப் பலகையிலதான் இருந்துச்சு.

அந்தப் பலகைக்குப் பேரு 'கைரன்பான்'. தெருச் சங்கம் அனுப்பறது. நீங்க படிச்சுட்டு, உங்க கட்டத்துல முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். நான் நிறுத்தினதால மேல இருந்த நாலு வீட்டுக்கும் விஷயம் போகலை. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் எழுதறவன், நானே செத்துப்போன நோடா நின்னிருக்கேன்.

பாட்டி திட்டலை. "கான்ஜி கஷ்டமா இருக்கும், ஜாக்கேன்..."னு இழுத்தாங்க. 'அதனால'ன்னு அர்த்தம், ஹிரோஷிமா பக்கத்துப் பேச்சு, என் பாடப்புத்தகத்துல இல்லாத வார்த்தை. நான் வீட்ல இருந்த ரெண்டு கேன் தண்ணியைத் தூக்கிட்டுப் போய் அவங்க சமையக்கட்டுல வெச்சேன். அதுக்கப்புறம் பலகை வந்தா நான் மேல போவேன். அவங்க ஒவ்வொரு அறிவிப்பையும் விரல் வெச்சு வாசிச்சுக் காட்டுவாங்க. குப்பை நாள் மாத்தம், வடிகால் சுத்தம் பண்ற ஞாயித்துக்கிழமை, புயல் வந்தா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். மொழித் தேர்வுல நான் கத்துக்கிட்டதை விட அந்தத் திண்ணையில கத்துக்கிட்டது அதிகம்.

ஒரு தடவை சேட்டோடா எலுமிச்சையில ஊறுகாய் போட்டு எடுத்துட்டுப் போனேன். அந்தப் பகுதியும் இந்த நகராட்சிதான், எலுமிச்சைக்குப் பேர் போனது. தோல் நம்ம நார்த்தங்காய் மாதிரி தடியா இருக்கும். பாட்டி துளியூண்டு சோத்துல வெச்சு சாப்பிட்டுட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாங்க. மறுவாரம் பாட்டிலைக் கழுவி, உள்ள உமேபோஷி போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க அம்மாவும் சொல்லுவாங்க.

இந்த வருஷம் மார்ச்ல பாட்டி படியில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. ஒசாகால இருக்கற பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். இனிமே 140 படி அவங்களால ஏற முடியாது. வீடு பூட்டியிருக்கு. எண்ணிக்கையில இன்னொண்ணு கூடிடுச்சு.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் வந்துச்சு. இத்தனை வருஷம் எங்க போனார்னு. அதே வாரம் தூத்துக்குடியில இருந்து ஃபோன். அம்மாவுக்கு நாலு நாளா காய்ச்சல். அம்மா சொல்லலை. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாங்க, மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் அவங்கதான். அந்த அக்கா நம்பர்கூட என்கிட்ட அதுவரைக்கும் இல்லை. நான் யார் மேல கோபப்பட?

அதனால, "போர் அடிக்கலையா"ங்கற கேள்விக்கு என் பதில் இதுதான். தனியா இருக்கறது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் இங்க குடியேறினது, வீட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கு இல்லை. பலகையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோன அன்னைக்கு. வெளிநாடு போறவங்களே, சின்ன ஊரா இருந்தா தெருச் சங்கத்துல பேரைக் கொடுத்துடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி, உங்க அம்மா அப்பாவுக்குப் பக்கத்து வீட்ல யாருன்னு தெரிஞ்சு, அவங்க நம்பரையும் வாங்கிக்கங்க.

இப்போ பலகை வந்தா, பாட்டி வீட்டைத் தாண்டி இன்னும் 30 படி ஏறி அடுத்த வீட்டுல கொடுக்கறேன். லிஸ்ட்ல அவங்க கட்டத்தை இன்னும் யாரும் எடுக்கலை. நானும் எடுக்கச் சொல்லலை.

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல வீசா புதுப்பிக்கற கதை. ஊருக்கு ஒரு ஃபோன் போட்டுட்டுத் தூங்குங்க. பை.