பூமிக்கடியில் வெடித்தால் தண்ணீர் என்னாகும்?



அணுகுண்டை மண்ணுக்குள்ளே வெடிச்சா ஆபத்து மண்ணோட போயிடும்னு படிச்சவங்களே நம்புறாங்க. காற்றிலும் கடலிலும் வெடிக்கக் கூடாது என்று 1963இல் உடன்படிக்கை வந்தபின், அமெரிக்கா எல்லாச் சோதனைகளையும் பூமிக்கடியில் கொண்டுபோனது. நெவாடா பாலையில் மட்டும் 1992 வரை 828 நிலத்தடிச் சோதனைகள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று, நிலத்தடி நீர்மட்டத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கண் இமைக்கும் நேரத்தில் பாறை ஆவியாகிறது, உருகுகிறது, பெரிய பொந்து விழுகிறது. சுற்றியுள்ள தண்ணீர் நெருக்கப்படுகிறது. கடற்கரை ஈரமணலில் ஒரே இடத்தில் மிதித்துப் பாருங்க. கெட்டியாக இருந்தது கூழாகும். மணல்மணிகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதுதான் மண்ணின் பலம். அதிர்ச்சியில் இடையிலுள்ள தண்ணீர் தப்பிக்க வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மணிகளைப் பிரித்துவிடும். நீர் ஊறிய தரை அப்போது திரவம்போல நடந்துகொள்ளும்.

அந்த அழுத்தம் வடிந்துவிடும். வடியாதது நஞ்சு. பொந்தின் கூரை சரிந்து, காலப்போக்கில் தண்ணீர் திரும்ப ஊறுகிறது. உருகிய பாறை கண்ணாடியாக உறைந்து புளூட்டோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது நகராது என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஆனால் 1968இல் வெடித்த 'பென்ஹாம்' குண்டின் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் கிடைத்ததாக 1999இல் ஆய்வு வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாத களிமண் துகள்களில் தொற்றிக்கொண்டு தண்ணீரோடு போயிருக்கிறது. டிரிட்டியம் இன்னும் மோசம். அது தண்ணீராகவே மாறிவிடும், வடிகட்ட முடியாது. ஆனால் 12 ஆண்டில் பாதியாகும். புளூட்டோனியம் பாதியாக 24,000 ஆண்டு.

சரி, யாருடைய மண் அது? மேற்கு ஷோஷோனி பழங்குடிகளின் மண். 1863 ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1979இல் நிலத்துக்கு ஈடென்று 2.6 கோடி டாலரை அரசுக் கருவூலக் கணக்கில் போட்டார்கள். ஷோஷோனியர் வாங்க மறுத்தார்கள். அரசு அறங்காவலன் என்பதால், கணக்கில் போட்டதே பட்டுவாடா ஆனதுக்குச் சமம் என்றது உச்சநீதிமன்றம், 1985இல். நான் வங்கிக் கவுண்டரில் உட்காருபவன். வாங்கியவர் கையெழுத்து இல்லாத வவுச்சரைப் பாஸ் பண்ணினால் என் வேலை போகும். அங்கே ஒரு நாடே போனது.

2004இல் அந்தப் பணத்தைப் பங்கு போடத் தனிச் சட்டமே போட்டார்கள். அப்போதும் பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்று நின்ற ஷோஷோனியர் இருந்தார்கள்.