ஒரு விரலால் ஆடும் ஆட்டம்



நூலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லி நாம் பழகியிருக்கிறோம். ஒரு நாவலைப் படித்து முடித்தவர், 'கதைப்போக்கு நன்று. நடையில் சற்றுத் தளர்ச்சி இருக்கிறது. முடிவு பொருந்தவில்லை' என்று நிறையையும் குறையையும் பிரித்துச் சொல்லுகிறார். ஆனால், நம் வீட்டுக் குழந்தைகள் நாள்தோறும் ஆடுகின்ற கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றி நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். 'நேரம் வீண்' என்கிறோம். விருந்தினர் வந்திருக்கும் வேளையில் மட்டும், 'சிறிது நேரம் ஆடிக்கொண்டிருக்கட்டும்' என்று நாமே கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று முழு மறுப்பு; மற்றொன்று முழுச் சம்மதம். விளையாட்டு எத்தகையது என்பதை இவ்விரண்டில் எதுவும் ஆராய்வதில்லை.

இன்று ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அதனைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். 'சூப்பர் மாரியோ ரன்' என்பது அதன் பெயர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் ஐபோனுக்கும், 2017 மார்ச்சு மாதத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் அது வெளிவந்தது. இவ்வகை ஆட்டத்தைப் 'பிளாட்பார்ம் கேம்' என்று சொல்லுவார்கள். ரயிலடிப் பிளாட்பாரத்துக்கும் இதற்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. திரையில் மேடும் தாழ்வுமாக மேடைகள் அமைந்திருக்கும், இடையிடையே பள்ளங்கள் இருக்கும், எதிரிகள் நடமாடுவார்கள். சிறிய உருவம் ஒன்று மேடைக்கு மேடை தாவி, பள்ளத்தில் விழாமல், எல்லையில் நிற்கும் கொடிக்கம்பத்தைச் சென்றடைய வேண்டும். பச்சைக்குதிரையும் பாண்டியும் ஆடிய நமக்குத் தாண்டுவதில் உள்ள இன்பம் புதிதன்று. எந்த இடத்தில் காலை எடுப்பது, எவ்வளவு தூரம் எட்டி வைப்பது என்பதே அவ்விளையாட்டுகளின் உயிர். இதன் உயிரும் அதுவே.

இதனை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனம், ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டுகள் செய்து விற்கத் தொடங்கியது. மாரியோ என்னும் மீசைக்காரன் 1981-இல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டில் முதன்முதலாகத் தோன்றினான். 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அவனை உலகறியச் செய்தது. இவற்றின் முதன்மைப் படைப்பாளர் சிகெரு மியாமோட்டோ என்பவர். அதன் பின் நெடுங்காலம், மாரியோ விளையாட்டுகளைப் பெரும்பாலும் தான் செய்த கருவிகளில் மட்டுமே ஆடும்படி அந்நிறுவனம் வைத்திருந்தது. எனவே, 2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் மேடையில் மியாமோட்டோவே தோன்றி, மாரியோ கைப்பேசிக்கு வருகிறான் என்று அறிவித்தபோது, விளையாட்டு உலகில் அது பெரிய செய்தியாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. ஏனெனில், இதுவும் ஒரு மொழிபெயர்ப்பே. மூல விளையாட்டின் மொழி பொத்தான்களால் ஆனது. ஆடுகிறவரின் இடக்கைப் பெருவிரலின் கீழ் நான்கு திசைகளுக்கும் ஒரு விசை. வலக்கையில் தாவுவதற்கு ஒன்றும் விரைந்து ஓடுவதற்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள். கண் திரையில் இருக்கும்போதே விரல் தடவிப் பொத்தானை அறிந்துகொள்ளும். கைப்பேசியிலோ இருப்பது வழுவழுப்பான கண்ணாடி. அதில் விரலுக்கு மேடு பள்ளம் தெரியாது. இந்நிலையில் பல விளையாட்டுகள், பழைய பொத்தான்களின் படத்தை அப்படியே கண்ணாடியில் வரைந்து வைத்துவிட்டன. விரல் பொத்தானை விட்டு நழுவும்; கையே திரையில் பாதியை மறைக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த சுற்றறிக்கையைப் படித்தவர்கள் இத்துன்பத்தை அறிவார்கள். சொற்கள் யாவும் தமிழாகவே இருக்கும். பொருள் மட்டும் கைக்கு எட்டாது.

'சூப்பர் மாரியோ ரன்' அவ்வழியில் செல்லவில்லை. மாரியோ இதில் தானாகவே வலப்புறம் நோக்கி ஓடுகிறான். சிறு தடைகளையும் சிறு எதிரிகளையும் அவனே தாண்டிக் கொள்ளுகிறான். ஆடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு விரலால் திரையைத் தொடுவது. சட்டெனத் தொட்டு எடுத்துவிட்டால் சிறு தாவல். அழுத்திப் பிடித்தால் உயர்ந்த தாவல். கைப்பேசியைச் சாதாரணமாகப் பிடிப்பது போலவே நெடுக்குவாட்டில் ஒரே கையில் பிடித்து ஆடலாம். இவ்வளவு குறைத்த பின்னும், தாவலின் உயரத்தை விரல் அழுத்திப் பிடிக்கும் நேரத்தால் ஆளும் நுட்பம் குறைக்கப்படவில்லை. 1985-ஆம் ஆண்டு விளையாட்டின் சாரம் அதுதான். சாரத்தைக் காத்துச் சக்கையை விட்டமையால் இதன் முதல் நிறை இதுவே என்பேன்.

இரண்டாவது நிறை, இது சொல்லாமலே கற்பிக்கிறது. நாணயங்கள் வானத்தில் வளைவாகத் தொங்குகின்றன. எந்த வளைவில் தாவ வேண்டும் என்பதை அவையே காட்டிவிடுகின்றன. அம்புக்குறி இட்ட கட்டை ஒன்று, இங்கே தாவு என்று திசை சொல்லுகிறது. மாரியோவை நிறுத்தி வைக்கும் கட்டைகளும் உண்டு. அவற்றின் மேல் நிற்கும்போது கடிகாரமும் நின்றுவிடும். ஆடுகிறவர் நிதானமாக யோசித்துப் பின் தாவலாம். பள்ளத்தில் விழுந்தால், ஒரு குமிழி அவனை ஏந்திச் சற்றுப் பின்னே கொண்டு விடுகிறது. தவறு செய்த மாணவனை வகுப்பை விட்டு வெளியேற்றாமல், 'மறுபடி போடு' என்று பலகையைக் கையில் கொடுக்கும் நல்லாசிரியரின் முறை இது. வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி வளரும் நம் குழந்தைகளுக்கு, எம்மொழியையும் வேண்டாத இத்தகைய விளையாட்டு, அடுத்த வீட்டுக் குழந்தையோடு அமர்ந்து மாறி மாறி ஆட உதவும். தமிழ் தவிர வேறு மொழி அறியாத பாட்டியும் அருகில் அமர்ந்து, 'இப்போது குதி' என்று சொல்லலாம்.

மூன்றாவது நிறை, எளிமைக்குள் ஆழம் வைத்திருப்பது. முதலில் வெளிவந்தபோது ஆறு உலகங்களில் நான்கு நான்காக 24 களங்கள் இருந்தன. ஒவ்வொரு களத்திலும் ஐந்து இளஞ்சிவப்பு நாணயங்கள் உள்ளன. அவை அனைத்தையும் சேர்த்துவிட்டால், அதே களத்தில் ஊதா நாணயங்கள் ஐந்து வேறிடங்களில் தோன்றும். அவற்றையும் சேர்த்தால் கறுப்பு நாணயங்கள் தோன்றும். இடம் மாறினால் வழியும் மாறுகிறது. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கடந்த களம், மூன்றாம் முறை எஃகுக் கோட்டையாகிவிடுகிறது. படித்த நூலையே மறுமுறை படிக்கும்போது முன்பு காணாத நயங்கள் புலப்படுவதுபோல், ஓடிய வழியையே கூர்ந்து பார்க்கும் பழக்கம் இதனால் உண்டாகிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம். மொழிபெயர்ப்பில் இழப்பில்லாமல் இராது. பழைய விளையாட்டில் விரும்பிய இடத்தில் நிற்கலாம். சில அடி பின்வாங்கி ஓடிவந்து தாண்டலாம். குழாய்க்குள் இறங்கினால் என்ன இருக்கும் என்று சும்மா எட்டிப் பார்க்கலாம். இதிலோ மாரியோ ஓடிக்கொண்டே இருக்கிறான். தவறவிட்ட நாணயத்தைத் திரும்பிச் சென்று எடுக்க, குமிழியைச் செலவிட வேண்டும். அன்றேல் களத்தையே மறுபடி தொடங்க வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கும் இன்பம் போய்விட்டது. இருப்பது பந்தயத்தின் இன்பம் மட்டுமே. நாணயங்களைப் பொருட்படுத்தாமல் ஓடிமுடிக்கிறவருக்கு 24 களங்களும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இக்குறையை மறைக்க இரண்டு ஒட்டுவேலைகள் செய்திருக்கிறார்கள். ஒன்று, பிறர் முன்பு ஆடிய ஆட்டத்தோடு போட்டியிடும் பந்தயம். அதற்குச் சீட்டு வேண்டும். சீட்டுத் தீர்ந்தால் மேலும் சேர்க்க வேண்டும். மற்றொன்று, சேர்த்த நாணயங்களால் வீடுகளும் பூச்செடிகளும் வாங்கி ஓர் அரசை அமைப்பது. முன்னதில் சுறுசுறுப்பு உண்டு. பின்னதில் தாவலும் இல்லை, யோசனையும் இல்லை. கடைவீதியில் பொருள் வாங்கி அடுக்குவது போலவே இருக்கிறது. கதையும் இளவரசியைக் கொடியவன் கவர்ந்து செல்ல, வீரன் மீட்டுவரும் பழங்கதையே. 2017 செப்டம்பரில் புதுக் களங்கள் 9 கொண்ட ஓர் உலகத்தையும், பத்துச் சிறு துண்டுகளை விரைவாக ஆடும் புதிய முறை ஒன்றையும் சேர்த்தார்கள். இம்முறை ஒட்டுவேலைகளைவிட எவ்வளவோ மேல். ஏனெனில் அது மூலச் சாரமாகிய தாவலையே நாடியது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வெளிவந்தபோது இவ்விளையாட்டு இணையத் தொடர்பின்றி ஓர் அடியும் ஓட மறுத்ததாகும். திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதே நோக்கம் என்று விளக்கம் தந்தார்கள். ரயிலில் ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு மறு கையால் ஆடலாம் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட பெருமை. ஜப்பானிய நகரத்து ரயிலுக்கு அது பொருந்தலாம். விடுமுறைக்குத் தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர்கள், இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியில் கழிக்கிறார்கள். இட்டார்சியைக் கடந்து சாத்பூரா மலைக்காடுகளினூடே வண்டி செல்லும்போது கைப்பேசியில் தொடர்பு அறுந்து அறுந்து வரும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, மிகவும் வேண்டப்படும் அந்த வேளையில் வாய் மூடிக்கொள்ளும். திருடாதவனையும் திருடன் என்று ஐயுற்றுப் பூட்டிய கதவு அது. பூட்டு திருடனைத் தடுத்ததோ இல்லையோ, விலை கொடுத்தவனை வாசலில் நிறுத்தியது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு ஒரு பொறுப்பு இருக்கும் இடம் அதுதான். முதல் சில களங்கள் இலவசம். மற்றவற்றுக்கு ஒரே தடவை 9.99 டாலர். அதன் பின் கேட்பதில்லை. கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் நுழைவு இலவசம். நுழைந்த பின், உயிர் வேண்டுமா, வலிமை வேண்டுமா என்று சிறு சிறு தொகையாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவ்வாறன்றி, இன்ன பொருளுக்கு இன்ன விலை என்று கடைக்காரன் பலகையில் எழுதி வைப்பதுபோல் வைத்தது நேர்மையான முறை. நடந்தது என்ன? 2017 ஜனவரி இறுதியில் நிண்டெண்டோ தந்த கணக்குப்படி, 7 கோடியே 80 லட்சம் தடவை இவ்விளையாட்டு இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. விலை கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். எதிர்பார்த்த வருவாய் வரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே மாரியோவின் பெயரால் 2019 செப்டம்பரில் வெளிவந்த 'மாரியோ கார்ட் டூர்' என்ற பந்தய விளையாட்டில், இலவச நுழைவும், காசு செலவிட்டு அதிர்ஷ்டத்தால் பொருள் பெறும் குலுக்கல் முறையும் வந்து சேர்ந்தன. அக்குலுக்கல் 2022-இல் நீக்கப்பட்டது.

இதில் நிறுவனத்தை மட்டும் நொந்து பயனில்லை. ஒரு தடவை ஒரு விலை என்றால் 'விளையாட்டுக்கா இவ்வளவு?' என்கிறோம்; மாதந்தோறும் சிறுகச் சிறுகப் போவதைக் கணக்கில் எழுதுவதில்லை. நேரிய விலையை நாம் மறுத்தால், நேரியதல்லாத விலை வேறு வாசல் வழியாக வந்து, குழந்தையின் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, 'சூப்பர் மாரியோ ரன்' குறைகளை மீறி நிற்கும் ஒரு நல்ல விளையாட்டு என்பது என் முடிவு. கைக்கும் கண்ணுக்கும் இசைவு தருகிறது, பொறுமையோடு கற்பிக்கிறது, தாவலின் இன்பத்தைச் சிதைக்காமல் புதிய கருவிக்குக் கொண்டு வந்திருக்கிறது. நீளம் போதாது, ஒட்டுவேலைகள் சிறக்கவில்லை, இணையத்துக்கு அடிமைப்பட்டது.

வேறு விளையாட்டுகளையும் இவ்வாறே நீங்கள் அளந்து பார்க்கலாம். குழந்தையிடம் கொடுக்கும் முன் அரைமணி நேரம் நீங்களே ஆடிப் பாருங்கள். விரல் நினைத்ததை உருவம் செய்கிறதா? தோற்றபோது ஏன் தோற்றோம் என்பது விளங்குகிறதா? இணையம் இன்றி ஆடுமா? நிறுத்த எண்ணும்போது நிறுத்த விடுகிறதா, அல்லது 'இன்னும் ஒன்று' என்று பரிசு காட்டி இழுக்கிறதா? மொத்த விலை எவ்வளவு என்பது முன்பே தெரிகிறதா? இவ்வைந்துக்கும் விடை கண்டபின் நீங்கள் சொல்லும் 'ஆடு' என்ற அனுமதிக்கும், 'வேண்டாம்' என்ற மறுப்புக்கும் காரணம் இருக்கும். காரணத்தோடு சொன்ன மறுப்பைக் குழந்தைகள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.