தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி

(அனலைதீவில் விவசாயிகளும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



எம்மை இங்கு அழைத்தவர்கள் புகையிலை விலையைப் பற்றியோ, கிணற்று நீர் உவராவதைப் பற்றியோ பேசும்படி கேட்கவில்லை. தற்காப்புக்கென ஒரு சிறிய கைத்துப்பாக்கி வாங்குவதானால் எதை வாங்கலாம் என்பதே எம்முன் வைக்கப்பட்ட வினா. வினவியவர் தம் வாழ்நாளில் துவக்கைத் தொட்டறியாத ஒரு தோட்டக்காரர். உண்மையில் வினா அவருடையதுமன்று. ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னதாம்: "அப்பா, நீங்களும் அம்மாவும் தனிய இருக்கிறியள். காசும் நகையும் உள்ள வீடெண்டு ஊருக்கெல்லாம் தெரியும். கைக்கடக்கமாய் ஒரு பிஸ்டல் எடுத்து வையுங்கோ."

அந்த மகனின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பிள்ளைகள் கடல் கடந்துவிட, முதியோர் இருவர் மட்டும் விளக்கேற்றி இருக்கும் வீடுகள் இத்தீவகம் எங்கும் உள. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், ஊர்காவற்றுறையிலிருந்து பொலிசார் கடல் கடந்தே வந்து சேரவேண்டும். ஆதலின் வினாவுக்கு நேரான விடை கூறவே விரும்புகிறோம்.

முதலில் சட்டம். கடையிற் போய்க் கத்தி வாங்குவது போல இந்நாட்டில் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றி எத்துப்பாக்கியையும் வைத்திருப்பது குற்றம். பயிர்க்காவலுக்கான துவக்கென்றால் கச்சேரி. ஆட்காவலுக்கான பிஸ்டல், றிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. பொலிஸ் அறிக்கை வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல் உண்டென்பதற்குக் காரணம் காட்டவேண்டும். ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். கொடுத்ததை மீளக் கேட்கவும் அரசாங்கம் தயங்குவதில்லை. தனியார் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7ஆந் திகதிக்குள் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்ததை நீங்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். தந்தைக்குப் பிஸ்டல் வாங்கச் சொல்லும் மகன் வாழும் கனடாவிலேயே, 2022 அக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. மகனுக்கு அங்கே கிட்டாதது தந்தைக்கு இங்கே எளிதிற் கிட்டுமென்று எண்ணலாகாது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது?

"புதியவர்தானே, வயதானவர்தானே, சின்னதாய் ஒன்று போதும்" என்பார்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். துப்பாக்கி சிறிதாகுந்தோறும் அதைக் கையாள்வது கடினமாகிறது. சைக்கிள் பழகும் பிள்ளைக்குச் சிறு சைக்கிள் பொருந்தும். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தார் 'சீவ்ஸ் ஸ்பெசல்' என்றொரு றிவோல்வரை வெளியிட்டார்கள். ஐந்து தோட்டா, ஏறக்குறைய இரண்டங்குலக் குழல், சட்டைப் பையில் அடங்கும். உலகெங்கும் 'சின்னத் துப்பாக்கி' என்றால் இன்றும் பலர் மனத்தில் எழுவது அதன் வடிவமே. பின்னர் அதையே அலுமினியக் கலப்பில், ஒரு றாத்தலுக்குச் சற்றுக் குறைந்த எடையிற் செய்தார்கள். தோட்டாவோ பொலிசார் இரண்டு றாத்தலுக்கு மேற்பட்ட பெரிய றிவோல்வரில் இட்டுச் சுட்ட அதே தோட்டாதான். தோட்டா தரும் உந்தல் மாறாதிருக்க, துப்பாக்கியின் எடை பாதியானால் அது பின்னோக்கி உதைக்கும் ஆற்றல் இரு மடங்காகும். பள்ளிக்கூடத்திற் பௌதிகம் படித்த பிள்ளையைக் கேளுங்கள், கணக்குப் போட்டுக் காட்டும்.

அடுத்தது குறி. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 100 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள துப்பாக்கியில், முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றருக்கு அப்பால் தோட்டா 10 சென்ரிமீற்றர் விலகும். குறிகளுக்கிடையே 200 மில்லிமீற்றர் இருந்தால் அது ஐந்தாகக் குறையும். நடுங்கும் கை ஒரு மில்லிமீற்றரோடு நின்றுவிடுமா? இனி, றிவோல்வரின் விசையை இழுக்க ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு றாத்தல் பலம் வேண்டும். மூட்டுவாதம் கண்ட ஆச்சியின் சுட்டுவிரலுக்கு அது இயலாத காரியம்.

நாம் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் பயிற்சிக்கூடமொன்றில் இத்தகைய குட்டித் துப்பாக்கியை முதன்முறை எடுத்துச் சுட்டோம். ஏழு மீற்றர் தொலைவு, நல்ல வெளிச்சம், எம்மைக் கொல்ல எவரும் வரவில்லை. ஐந்து தோட்டாவில் ஒன்றே கடதாசியிற் பட்டது. மற்ற நான்கும் எங்கே போயின என்பதைப் பயிற்றுநர்தாம் சிரித்துக்கொண்டே சுவரிற் காட்டினார். அன்று வெட்கப்பட்டது இன்றும் மறக்கவில்லை.

ஆதலின் புதியவர் ஒருவர், சட்டப்படி, பயிற்சியோடு, வீட்டில் வைத்திருக்கவே எடுப்பதானால், கையை நிறைக்கும் நடுத்தர எடையுள்ள, நான்கங்குலக் குழல் றிவோல்வரையே நாம் சொல்வோம். பிஸ்டல் தட்டையானது, தோட்டா கூடுதலாகக் கொள்வது என்பது மெய். ஆயின் அதன் தோட்டாக்கூட்டைக் கழற்றிய பின்னரும் குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். "வெறுந் துப்பாக்கி" என்று நம்பி விசையை இழுத்து வீட்டாரைச் சுட்டவர் கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. றிவோல்வரின் உருளையைத் திறந்தால் தோட்டா உண்டா இல்லையா என்பதைக் கண்ணாற் கண்டுகொள்ளலாம். மற்றும், இது உப்புக்காற்று வீசும் ஊர். வாசற் பிணைச்சலே துருவேறி இறுகும் இடத்தில், துடைத்து எண்ணெயிடாத துப்பாக்கி என்னாகும்? துருப்பிடியா உருக்கிற் செய்ததே நன்று.

பெண்களுக்கென்றே செய்தது இல்லையோ என ஒரு தாயார் கேட்டார். உண்டு. 2012இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், இந்திய அரசாங்கத்தின் படைக்கலத் தொழிற்சாலையினர் கான்பூரில் 'நிர்பீக்' என்னும் றிவோல்வரைச் செய்து 2014இல் விற்பனைக்கு விட்டார்கள். எடை அரைக் கிலோ. விலை ஓர் இலட்சத்து இருபத்திரண்டாயிரம் இந்திய ரூபாவுக்கு மேல்! அந்தத் தில்லிப் பெண் ஏறியது பேருந்தில். பேருந்தில் வேலைக்குப் போகும் பெண் அந்த விலையை எங்கே காண்பாள் என்று அன்றே பலர் கேட்டார்கள். அக்கேள்வி எமக்கும் நியாயமாகவே படுகிறது.

இனி, எவ்வகையை வாங்கினாலும் மாறாத சில உண்மைகளைச் சொல்ல வேண்டும். ஒரு வெடியில் ஆள் விழுவான் என்பது படக்காட்சி. 1967 சனவரி 12இல் இராமாவரம் தோட்டத்தில், ஓர் அறைக்குள், மிக அண்மையிற் குண்டுபட்ட எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் இருவருமே உயிர் பிழைத்தனர். துப்பாக்கி இருந்தாற் காப்பு உறுதி என்பதும் அப்படியே. 1989 யூலை 13இல் கொழும்பில் அமிர்தலிங்கம் அவர்களின் இல்லத்தில் ஆயுதந் தரித்த, பயிற்சி பெற்ற பொலிஸ் காவலர்கள் இருந்தார்கள். கொலைஞரை அவர்கள் சுட்டு வீழ்த்தவும் செய்தார்கள். ஆனால் அதற்குள் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் மாண்டுபோயினர். வந்தவர்கள் விருந்தினராக வந்து, தேநீர் வேளையிற் சுட்டவர்கள். தொழிலாகக் காவல் செய்தோர்க்கே கிட்டாத அந்த ஒரு கணம், உறக்கத்திலிருந்து எழும் எழுபது வயது முதியவர்க்குக் கிட்டுமா?

எம் வளவுகளையும் எண்ணிப் பாருங்கள். கிடுகு வேலிக்கு அப்பால் அயல்வீடு. அங்கே திண்ணையில் உறங்கும் பிள்ளை. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குக் கிடுகு வேலி ஒரு பொருட்டன்று. மரக்கதவும் அதனைத் தடுக்காது. இருளிற் படலையைத் திறப்பவன் கள்வனா, செத்தவீடு சொல்ல வந்த உறவினனா, சொல்லாமற் கொள்ளாமல் விமானமேறி வந்த அதே மகனா? சுட்டபின் அறிந்து பயனில்லை.

துவக்கு வீட்டிலிருப்பது ஊருக்குத் தெரிந்தால் துவக்கைத் தேடியே ஆள் வரும். எண்பதுகளில் இரவில் வந்து கதவு தட்டி, "ஐயா, துவக்கைத் தாருங்கள்" என்று கேட்டதை இங்குள்ள முதியோர் எமக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதனினும் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருவதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு கோடி அறுபது இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து நிகழ்த்தி 2020இல் வெளியான ஆய்வொன்றின்படி, கைத்துப்பாக்கி உடைய ஆடவர் அதனால் தம்முயிரை மாய்த்துக்கொண்ட வீதம் இல்லாதவரினும் ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. தனிமையும் நோயும் பிரிவும் சூழ்ந்த வீடுகள் எம்மிடையே எத்தனை என்பதை இங்குள்ள மருத்துவர்கள் அறிவார்கள்.

வினவிய தோட்டக்காரரிடம் நாம் நான்கு கேள்விகள் கேட்டோம். மாதம் ஒருமுறையேனும் சுட்டுப் பழக இடமுண்டா? தீவில் இல்லை. தோட்டாவும் துவக்கும் வெவ்வேறாகப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி உண்டா? அலுமாரிதான் உண்டு. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களா? வருவார்கள். இருளிற் கண் தெரியுமா? கற்றறக்ட் ஒரு கண்ணில் மட்டுமே வெட்டியிருக்கிறார். "அப்படியெண்டால் என்ன செய்யிறது, ஐயா?" என்றார். நகையை வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பும்படி சொன்னோம். முற்றத்துக்கு அசைவு கண்டால் எரியும் மின்விளக்கு, உள்ளே குறுக்குச்சட்டமிட்ட கதவு, குரைக்கும் நாய், தலைமாட்டில் தொலைபேசி, அதில் 119உம் அயலார் நால்வரின் இலக்கங்களும். நால்வரும் ஒரு சீழ்க்கை ஒலிக்கு எழுந்து வருவதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். அவர் கணக்குப் பார்த்தார். நிர்பீக்கின் விலையில் பத்திலொன்றும் ஆகவில்லை. மகனுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்கு இப்போதுள்ள கவலை. அதற்கு, இப்பேச்சின் ஒலிப்பதிவை அனுப்பும்படி கூறியிருக்கிறோம்.

பரணிற் பாட்டனாரின் பழைய துவக்கு கிடப்பதாக ஓர் அன்பர் எம் காதிற் சொன்னார். அதை நீங்களாக எடுத்துத் துடைக்கவும் வேண்டாம், கடலில் எறியவும் வேண்டாம். சட்டத்தரணி ஒருவரைக் கலந்துகொண்டு, அவர் மூலம் பொலிசாருக்கு அறிவித்து ஒப்படையுங்கள். வேறு வினாக்கள் உள்ளவர்கள் லோஞ்ச் புறப்படுமுன் கேட்கலாம்.