அட்டை வேறு, பட்டியல் வேறு

(ஜமாஅத் குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





தேர்தல் நெருங்கினால் நமது அலுவலகத்துக்கு ஆள் வரத்து கூடிவிடும். எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஜமாஅத்து ஓட்டு எந்தப் பக்கமுங்க?"

ஜமாஅத்துக்கு ஓட்டு கிடையாது, ஜமாஅத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஓட்டு என்று சொல்லிவிடுகிறோம். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலையை விடாத குடும்பம் நம்மில் உண்டு. உதயசூரியன் குடும்பம் உண்டு. லீக் குடும்பமும் உண்டு. ஒரே வீட்டில் அத்தாவுக்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி. ஓட்டை ஒரு சாட்சியம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய சாட்சியத்தை இன்னொருவர் மொத்தமாகப் பேசி முடிக்க முடியாது. பள்ளிவாசல் மைக்கில் பெயர் சொல்லச் சொன்னவர்கள் உண்டு. சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம்.

நாங்கள் பேச வந்தது வேறு. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாள். வெள்ளிக்கிழமை. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வயதான தாய், வெயிலுக்கு முன்பே போய் வரிசையில் நின்றார். கையில் வாக்காளர் அட்டை. உள்ளே போனால் பட்டியலில் பெயர் இல்லை. வாடகை வீடு மாறி வேறு தெருவுக்கு வந்தவர்கள். மகன் தன் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அம்மாவின் பெயரை மறந்துவிட்டார். "அட்டை இருக்குதுங்க, பேர் இல்லைங்கறாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

எங்கள் மீதும் குறை உண்டு. ஜும்ஆ முடிந்து போகலாம் என்று பலர் இருந்துவிட்டார்கள். சாப்பாடு, தூக்கம், வெயில். சிலர் போகவே இல்லை. "காலையிலேயே போட்டுவிட்டு வாருங்கள்" என்று முந்தின வாரமே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர் ஓட்டுப் போட்டார்கள். தர்மபுரியில் 81. நமது கோவைத் தொகுதியில் 65கூட எட்டவில்லை.

"நம்ம நாலு ஓட்டிலே என்ன ஆகிவிடப் போகுது?" என்று கேட்கிறவர்களுக்கு 2021 சட்டமன்றத் தேர்தலைச் சொல்கிறோம். கோவை தெற்கில் வித்தியாசம் 1,728. பொள்ளாச்சியில் 1,725. கிணத்துக்கடவில் 1,095. தாராபுரத்தில் 1,393. ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் வெவ்வேறு கட்சிக்காரர்கள். யார் ஜெயித்தது நல்லது என்பது டீக்கடையில் பேச வேண்டிய விஷயம். அங்கே நம்மவர்களுக்குப் பஞ்சமில்லை. கிணத்துக்கடவு வித்தியாசத்துக்கு நாலைந்து கிராமத்து ஆட்கள் போதும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த முறை விஷயம் இன்னும் பெரிது. சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று 2025 நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகிவிட்டன. நீங்கிய 97 லட்சத்தில் இறந்தவர்கள் 27 லட்சத்துக்கும் குறைவு. 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவர்கள். கோவை மாவட்டத்தில் மட்டும் ஆறரை லட்சம் அளவுக்கு நீக்கம்.

இடம் மாறியவர்கள் யார்? திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போனவர்கள். உக்கடம் பக்கம் கடை போட்டவர்கள். சொந்த வீடு இல்லாமல் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள். நிக்காஹ் ஆகி வேறு ஊர் போன நம் பெண் பிள்ளைகள். மாமியார் வீட்டில் ரேஷன் கார்டில் உடனே பெயர் சேர்க்கிறோம். வாக்காளர் பட்டியல் ஞாபகத்துக்கு வருவதில்லை. பிறந்த ஊரில் பெயர் நீங்கிவிடுகிறது, புகுந்த ஊரில் ஏறுவதில்லை. எந்தக் கட்சி என்ற பேச்சே அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடுகிறது.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அதன் பிறகு பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தண்ணீர்க் குழாய்க்கும் கபர்ஸ்தான் பாதைக்கும் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் இருக்கிறோம். என்றைக்கு ஊராட்சித் தேர்தல் வந்தாலும் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் அந்தப் பட்டியலும் வரும். வார்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பத்து ஓட்டில் முடிவாகிற இடம் அது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸாவில் மேசை போடுகிறோம். வரைவுப் பட்டியலைப் பாகம் வாரியாக வைத்திருப்போம். வீட்டில் 18 வயது ஆன எல்லோருடைய அட்டையையும் கொண்டு வாருங்கள். பெயர் நீங்கியிருந்தால் படிவம் 6, உறுதிமொழியோடு. பெயர் இருந்து முகவரியோ எழுத்தோ தவறாக இருந்தால் படிவம் 8. முஹம்மது என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள். மவுத்தானவர்களின் பெயர் இன்னும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனி அறை; கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் எழுதித் தருவார்கள். எந்தக் கட்சி என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

வர முடியாதவர்கள் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். திண்ணையில் அழுத அந்தத் தாயின் படிவத்தை நேற்று மகனே கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.