வாளும் பந்தும்

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலவாயிலுக்கு ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகளை ஆழங்குறைந்த கடல்நீரேரி வழியே நடத்திச் சென்ற துறை அது. குடாநாட்டை அடைந்த யானைகள் இந்திய நாட்டு வணிகருக்கு விலைப்பட்டன. ஒல்லாந்தர் அவ்விடத்திலே ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தனர். யானை நடந்த வழியிற் பின்னர் புகைவண்டியும் மோட்டார் வண்டியும் சென்றன. 1990 ஆம் ஆண்டில் மூண்ட போரினால் அவ்வழி அடைபட்டபோது, மக்கள் கிளாலி நீரேரியை இரவிலே படகேறிக் கடந்தனர். கைக்குழந்தையை மடியிற் கிடத்தி, அஃது அழாதிருக்க வேண்டுமே என்று தவித்த தாய்மார் எத்தனை பேர்!

குழந்தையைச் சுமந்துகொண்டு போர்நிலத்தைக் கடப்பது என்றால் என்ன என்பதை இப்பகுதியினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலால், யப்பான் நாட்டிலே தோன்றிய ஒரு சித்திரக்கதை இவர்களுக்கு வேறொரு வகையிற் பொருள்படும்.

‘கொசுரே ஓகாமி’ என்பது அக்கதையின் பெயர். குட்டியை உடன்கொண்டு திரியும் ஓநாய் என்பது அதன் பொருள். கசுவோ கொய்கே என்பார் கதை எழுத, கோசெக்கி கொஜிமா என்பார் தூரிகையாற் சித்திரம் தீட்ட, 1970 முதல் 1976 வரை வார இதழ் ஒன்றிலே அது தொடர்ந்து வெளிவந்தது. பின்னர் 28 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. யப்பானியர் மங்கா என்று வழங்கும் இவ்வகைச் சித்திரக்கதைகள் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவன. கொஜிமாவின் பக்கங்களிற் பல, சொல் ஒன்றுமின்றியே செல்வன. காற்றில் அசையும் நாணல், பனி மூடிய பாதை, பாதையில் உருளும் மரச் சக்கரம். இவற்றை நோக்கி நிற்கும் சிறுவனுடைய அகன்ற கண்கள். வாட்போரை வரைவதற்குப் பலர் உளர். அக்கண்களை வரைவதற்கே கொஜிமா வேண்டியிருந்தார் எனலாம்.

கதைத் தலைவன் ஒகாமி இட்டோ. படைத்தலைவராகிய சோகுனே நாட்டை ஆண்ட காலத்தில், வயிறு கீறி உயிர்விடும்படி ஆணை பெற்ற பிரபுக்களின் தலையைக் கொய்யும் உயர்பதவி அவனுடையது. அப்பதவியை விழைந்த யாகியூ குடியினர் சூழ்ச்சி செய்தனர். அவன் மனைவியைக் கொன்றனர். அவன் வீட்டு வழிபாட்டிடத்திலே சோகுனின் இலச்சினை பொறித்த ஈமப் பலகையை மறைத்து வைத்து, ஆள்வோனின் சாவுக்காக அவன் வேண்டினான் என்று பழி சுமத்தினர். எஞ்சியிருந்தவன் தைகோரோ என்னும் பச்சிளங் குழந்தை ஒருவனே.

தந்தை அக்குழந்தையின் முன்னே ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைத்தான். பந்தைத் தொட்டால் இறந்த தாயிடம் அனுப்புவதாகவும், வாளைத் தொட்டால் தன்னுடன் பழிவாங்கும் வழியில் வரலாம் என்றும் கூறினான். குழந்தை தவழ்ந்து சென்று வாளைத் தொட்டது. அன்று முதல், கூலிக்குக் கொலை செய்யும் தந்தை படைக்கலம் மறைத்த சிறு வண்டியைத் தள்ள, மகன் அதனுள் இருந்து ஊர் ஊராகச் சென்றான்.

இக்காட்சியைப் போற்றுவோர் பலர். ஆயினும் சற்றே நின்று எண்ணுதல் தகும். மின்னுகின்ற பொருளை நாடுவது குழந்தையின் இயல்பு. அதனைத் தேர்வு என்று கொள்வது எங்ஙனம்? தந்தை தான் முன்னரே துணிந்த முடிவின் பாரத்தைப் பேசத் தெரியாத வாயின்மேல் ஏற்றிவைத்தான் என்பதே நேர்மையான தீர்ப்பாகும். கொய்கே இதனை அறியாதவர் அல்லர். 1972 முதல் 1974 வரை இக்கதை ஆறு திரைப்படங்களாக வந்தது. ஐந்தாவது படத்திலே, களவு செய்த பெண்ணொருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காக்கச் சிறுவன் தைகோரோ வாய் திறவாது ஊரார் முன்னிலையில் அடிபடுகின்றான். தந்தை பார்த்து நிற்கின்றான். மகனின் உறுதியை வியப்பதா, அவ்வுறுதியை அவனுக்குப் பழக்கியவனை நோவதா என்று காண்போர் தடுமாறுகின்றனர்.

தமிழருடைய பழம்பாட்டுத் தொகையாகிய புறநானூறும் இவ்விடத்தில் இரு பக்கமும் பேசுவதுண்டு. ஒரே மகனை வேல் கொடுத்துப் போர்க்களம் விடுத்த தாயை ஒக்கூர் மாசாத்தியார் வியந்து பாடினார். அத்தொகையிலேயே கோவூர் கிழாரும் உள்ளார். சோழன் கிள்ளிவளவன், பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இடத் துணிந்தபோது, அப்புலவர் மன்றிலே நின்று தடுத்தார். சிறுவர் யானையைக் கண்டு, அழுதுகொண்டிருந்ததையே மறந்துவிட்டனர் என்று அவர் எடுத்துக்காட்டுகின்றார். தம்மைக் கொல்ல வந்த யானை அவர்களுக்கு வேடிக்கைப் பொருளாயிற்று! வாளைத் தொட்ட தைகோரோவும் அத்தகையனே. ஆனால் அவன் பக்கத்திலே ஒரு கோவூர் கிழார் இல்லை.

இல்லை என்று முடித்துவிடவும் இயலாது. 28 ஆம் தொகுதியின் இறுதியிலே, யாகியூ குடித் தலைவனாகிய முதியவன் ரெட்சுதோவுடன் பொருது ஒகாமி இட்டோ மாய்கின்றான். தைகோரோ ஒரு முறிந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு பகைவன்மேல் ஓடுகின்றான். எத்தனையோ வீரரை வென்ற அம்முதியவனுக்கு அவ்வீட்டியைத் தட்டிவிடுதல் அரிதன்று. அவன் தட்டவில்லை. இரு கைகளையும் விரிக்கின்றான். ஈட்டியை மார்பில் ஏற்றுக்கொள்கின்றான். சிறுவனை அணைத்துக்கொண்டு, கண்ணீர் வழியப் பேரனே என்று அழைக்கின்றான்.